மச்சானுக்கு ஒரு வக்கீல் கடிதம்

1

எங்கள் அலுவலகக் கணினி ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளன்று எனக்கு ஒரு பட்டியல் அனுப்பும். ஆண்டுச் சந்தா முடிந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொருவரையும் போனில் அழைத்துப் புதுப்பிக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் காரணத்தைப் பதிய வேண்டும். காரணங்களை யாரோ முன்கூட்டியே யோசித்துக் கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள்: விலை அதிகம், ஊர் திரும்பிவிட்டார், பயன்படுத்தவே இல்லை, வேறு.

இந்த மாதப் பட்டியலில் ஏழாவது பெயர் காதர் மைதீன். ஒரு வருடம் ஓடிவிட்டது. ஆறு பேரை அழைத்து முடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து எட்டாவது பெயரை அழைத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். துபாயில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன் என்றால் கறுப்பு அங்கி போட்டு நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டையில் என் அத்தை இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் விற்பது ஒரு அட்டை. வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க முடியாத கடை ஊழியர்கள், டிரைவர்கள், பெட் ஸ்பேஸில் ஆறு பேரோடு ஒரு அறையில் இருப்பவர்கள், அவர்களிலும் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள். அவர்களுக்காக மாதம் ஒரு பிரியாணி விலையில் ஒரு சட்ட உதவித் திட்டம். போன் செய்து சந்தேகம் கேட்கலாம். வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் தமிழில் அர்த்தம் சொல்வோம். வருடத்துக்கு ஒரு வக்கீல் கடிதம் இலவசம். அட்டையின் பின்பக்கத்தில் நானே எழுதிய வாசகம் இருக்கிறது: "கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களிடம் வாசிக்கக் கொடுங்கள்."

நல்ல திட்டம்தான். எட்டு வருடமாக விற்கிறேன். ஏமாற்று என்று ஒருவரும் சொன்னதில்லை.

2

அந்த வாசகம் என் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருந்த பத்திர எழுத்தர். வாய் கொஞ்சம் துடுக்கு, வெற்றிலை போடுவார், மதியம் தூங்காமல் இருக்க மாட்டார். ஆனால் பத்திரம் எழுதி முடித்ததும் விற்பவர், வாங்குபவர் இருவரையும் எதிரில் உட்கார வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிப்பார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாராவது நெளிந்தால், "அப்ப நாளைக்கு வாங்க" என்று பேனாவை மூடிவிடுவார். படித்த வாத்தியாராக இருந்தாலும் விடமாட்டார். கண்ணால் பார்த்தது பாதிதான் உள்ளே போகும், காதால் கேட்டால்தான் வயிற்றில் இறங்கும் என்பது அவர் கணக்கு.

சிறுமியாக இருந்தபோது எனக்கு அது பெரிய எரிச்சல். "நான்கெல்லைக்குட்பட்ட" என்று அவர் இழுத்து வாசிக்கும்போது நான் பசியோடு வாசலில் நிற்பேன்.

3

மைதீன் பாய் எங்களிடம் வந்தது போன வருடம் ரமலானுக்கு முன்னால். ஐம்பத்தைந்து வயதிருக்கும். துபாயின் தேரா கடைத்தெருவில் மசாலா, பேரீச்சம்பழம், குங்குமப்பூ விற்கும் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை. ராமநாதபுரம் கடலோரத்து ஊர். அட்டை வாங்கி மூன்று வாரம் கூட ஆகவில்லை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். பாஸ்போட்டை நம்மளே வச்சுக்கிறலாமா? சட்டத்துல எடம் இருக்கா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தக் கடைகளின் வழக்கம் எனக்குத் தெரியும். முதலாளியின் இரும்புப் பெட்டியில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஒரே ரப்பர் பேண்டுக்குள் இருக்கும். ஊருக்குப் போகும்போது எடுத்துக் கொடுப்பார், வந்ததும் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். சட்டப்படி தவறு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதை அமானிதம் என்பார்கள். நம்பி ஒப்படைத்த பொருள். அதைத் திருப்பிக் கேட்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

"தாராளமா வச்சுக்கலாம் பாய். அவர் வச்சிருக்கிறதுதான் தப்பு. எதுக்குத் திடீர்னு?"

"வீட்ல பீவிக்குக் கண்ணு மங்கிட்டே வருது. சர்க்கரை. மதுரையில ஆபரேசனுக்குத் தேதி குடுத்துட்டாக. ஒரு மாசம் லீவு வேணும். முதலாளி, ரமலான் யாவாரம் முடியட்டும்ங்கிறாக."

"ஆபரேஷன்னு சொன்னீங்களா அவர்கிட்ட?"

"இல்ல மேடம். பீவி சொல்லக்கூடாதுன்னுட்டா. சீசன் நேரம், அவுக மனசு சங்கடப்படும்னு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "முதலாளி ரொம்ப நல்லவுக மேடம்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான்கு மாதம் சம்பளம் கொடுக்காத முதலாளியைக் கூட நல்லவர் என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் புகாரை ஆரம்பிப்பார்கள். அதனால் அந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

4

அன்றைக்கு எனக்கும் அவசரம் இருந்தது. என் மகள் வர்ஷா இங்கிலாந்தில் சட்டம் படிக்கப் போவதற்கான சான்றிதழ்களை அட்டஸ்ட் செய்ய மூன்று மணிக்கு டோக்கன் வாங்கியிருந்தேன். அது மூன்றாவது முறை. முதல் முறை அவளுடைய பெயர் தகராறு. பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். கவுண்டரில் இருந்த பெண் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். குடும்பம் இருக்கிறதல்லவா என்று கேட்டாள். இரண்டாவது முறை, அந்த இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தூதரகத்தில் எழுதி வாங்கிய கடிதத்தில் ஒரு முத்திரை விட்டுப்போயிருந்தது.

ஆகவே மைதீன் பாயின் படிவத்தை வேகமாக நிரப்பினேன். நிறுவனத்தின் பெயர், உரிமையாளர் பெயர், பிரச்சினை என்ன. அந்த உரிமையாளர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. நானும் கேட்கவில்லை. மனைவியின் கண் அறுவைச் சிகிச்சையைக் குறிப்பாகச் சேர்த்தேன். எங்கள் வக்கீலுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் கடிதம் பலமாகும்.

அவர் சார்பாகக் கடிதம் அனுப்ப எங்களுக்கு அனுமதி தரும் தாள் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் டிக் போட்டு அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கேக்கத்தான் வந்தேன் மேடம். இது சண்டை ஆயிறாதுல்ல?"

"சாதாரண லெட்டர்தான் பாய். எல்லாருக்கும் போறதுதான்."

அவர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர்கள் தாளைப் பார்க்கும் விதம் அது என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் பார்த்தார். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

நான் அதை வாசித்துக் காட்டவில்லை. அப்பாவின் மகள், அந்த வாசகத்தை எழுதியவள், ஒரு வரி கூட வாசித்துக் காட்டவில்லை. மூன்று மணி டோக்கனுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். முத்திரை கிடைத்தது.

5

கடிதம் நன்றாக வேலை செய்தது. போய்ச் சேர்ந்த அன்றைக்கே பாஸ்போர்ட் கையில் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மைதீன் பாய் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். அலுவலகத்தில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

"ரொம்ப நன்றி மேடம். வெள்ளிக்கிழமை டிக்கெட். விசா கேன்சல் பண்ணியாச்சு. இனிமே வரமாட்டேன்."

"லீவுக்குத்தானே போறேன்னீங்க?"

அவர் பெட்டியின் மூடியைச் சரி செய்தார். "கடைக்காரவுக எனக்கு மச்சான் மேடம். பீவியோட கூடப்பொறந்த அண்ணன். அவுக மகனுக்குத்தான் என் மக சபியாவைப் பேசி வச்சிருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு நிக்காஹ். இப்ப அது இல்லைன்னுட்டாக."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான், முன்னாடி கேட்டிருக்க வேண்டியவள் நான் என்று உறைத்தது.

"ஆமா மேடம்" என்றார். அந்தப் பேரீச்சம்பழத்தை என்னால் ஒன்று கூடச் சாப்பிட முடியவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

6

வர்ஷா இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை வீடியோவில் வருவாள். சாப்பிட்டாயா என்று தமிழில் ஆரம்பிப்பேன், ஆங்கிலத்தில் பதில் வரும், பத்து நிமிடத்தில் நானும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் மைதீன் பாயின் கதையை அவளிடம் சொன்னேன். மகளாகக் கேட்பாள் என்று நினைத்தேன். சட்ட மாணவியாகக் கேட்டாள்.

"அந்த ஃபார்ம்ல கன்சென்ட் இருக்குல்லம்மா? சைன் பண்ணியிருக்கார்ல? அப்புறம் என்ன?"

"நான் வாசிச்சுக் காட்டலடி."

"கேட்டாரா? கேக்கலல்ல. அவரோட ரைட் அவருக்குக் கிடைச்சிருச்சு. கல்யாணம் வேற இஷ்யூமா. அது உங்க சர்வீஸ்ல வராது."

சரியாகத்தான் சொன்னாள். ஒரு வரி கூடப் பிசகில்லை. அவள் நல்ல வக்கீலாக வருவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அட்டஸ்ட் செய்யக் காத்திருந்த அந்த மூன்று மணி டோக்கனைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நானா உன்னை அவசரப்படச் சொன்னேன் என்று கேட்டிருப்பாள். அதுவும் சரிதான்.

7

பட்டியலில் விட்டுப்போன ஏழாவது பெயரை மறுநாள் அழைத்தேன். அழைத்துத்தான் ஆக வேண்டும், கணினி விடாது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மேடம்! நானே உங்களுக்குப் போன் அடிக்கணும்னு இருந்தேன்."

பீவியின் ஒரு கண் பிழைத்துவிட்டதாம். இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். பள்ளிவாசல் தெருவில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரிக் கடை போட்டிருக்கிறார். சபியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் பேசாது மேடம். நல்லா சமைக்குது, உம்மாவைப் பாத்துக்கிருது. வர்ற மாப்பிள்ளையெல்லாம் வேணாங்குது. சின்னப் பிள்ளையில இருந்து அந்தப் பையன்தான்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டோம்ல. மேடம், ஒரு உதவி. மச்சான் மகனுக்கு இன்னும் எங்கயும் முடியலைன்னு கேள்விப்பட்டேன். நீங்க ஒரு எட்டுக் கடைக்குப் போயி, அது என்ன தாளுன்னு தெரியாமத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்ல முடியுமா? நீங்க வாசிச்சுக் காட்டலைன்னு? உங்க மேல பழி போடுறேன்னு நினைக்காதீக."

"பழி இல்லை பாய். நடந்தது அதுதானே."

நாளைக்கே போகிறேன் என்றேன். சந்தாவைப் பற்றி நான் கேட்கவில்லை.

உறுப்பினரிடம் விளக்காமல் கையெழுத்து வாங்கினேன் என்று வெளியாளிடம் ஒப்புக்கொள்வது என் வேலைக்கு உலை வைக்கும். மேலாளர் காதுக்குப் போனால் கலாஸ், அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு வருடமாக இதைச் சொல்ல எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. மறுநாள் மதிய இடைவேளையில் படகு ஏறி அக்கரையில் தேராவில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன்.

8

மைதீன் பாயின் மச்சான் ஜப்பார் பாய் கல்லாவில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். எந்த அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சுலைமானி வரவழைத்தார். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவசரம், பென்சில் டிக், வாசிக்காதது. தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"இதை எழுதித் தருவீகளாம்மா?"

எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையிலேயே நடந்த உறவு. எங்கள் கடிதம்தான் அவருக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. அவர் கை நீட்டுவதற்கு முன்னால் நானே, "வாசிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

முதல் வரியிலிருந்து வாசித்தேன். "அதில் என்ன எழுதியிருக்கிறது என்று திரு. காதர் மைதீனுக்குத் தெரியாது" என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும்மா. அரபியில வியாபாரமும் பேசுவேன். ஆனா ஆபீஸ் கடுதாசி வந்தா அர்த்தம் வெளங்காது. முனிசிபாலிட்டிக் கடுதாசி, பேங்க் கடுதாசி, எது வந்தாலும் மைதீன் மச்சான்தான் எனக்கு வாசிச்சுச் சொல்லுவாக. எழுத்துக்கு எழுத்து. ஒரு புள்ளி விடமாட்டாக. அவுக வாசிக்காம கையெழுத்துப் போட்டாகன்னு நீங்க எழுதித் தாரீக."

அன்று அவர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"உங்க ஆபீஸ் கடுதாசி வந்தப்பவும் அப்படித்தான். நான் உறையைக் கிழிச்சேன். அவுககிட்ட நீட்டி, என்னன்னு பாருங்க மச்சான்னேன்." ஏலக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தார். "இந்தா, இந்தத் தூண்கிட்டதான் நின்னு வாசிச்சாக. சட்ட விரோதமா பாஸ்போட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற ஜப்பார்னு, என் பேரை எங்கிட்டயே வாசிச்சாக. நடுவுல ஒரு எடத்துல நின்னு போச்சு. மேல சொல்லுங்கன்னேன். 'பீவிக்குக் கண்ணு ஆபரேசன்னு போட்டிருக்கு மச்சான்'னாக."

கடையில் ஒரு வாடிக்கையாளர் வந்து குங்குமப்பூ விலை கேட்டார். ஜப்பார் பாய் மாஃபி, இல்லை என்று கை விரித்து அனுப்பிவிட்டார். குங்குமப்பூ கண்ணாடிப் பெட்டியில் நிறைய இருந்தது.

"என் தங்கச்சிம்மா அது. உம்மா மவுத்தானதுக்கு அப்பறம் நான் தூக்கி வளத்தது. அதுக்குக் கண்ணு போகுதுன்னு நான் வக்கீல் நோட்டீசுல தெரிஞ்சுக்கிறேன். ஒரு வார்த்தை வாயால சொல்லியிருந்தா, கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் சேந்தே போயிருப்போம்ல?"

"உங்க தங்கச்சிதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாங்களாம். நீங்க கஷ்டப்படுவீங்கன்னு."

"அதுவும் தெரியும்." தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "பாஸ்போட்டுக்காகக் கோவம் இல்லம்மா. அது அவுக பொருள். சபியா தங்கமான பிள்ளை. ஆனா அதை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல்னா எனக்கு யாரு சொல்லுவா? உங்க ஆபீஸ்ல இருந்து கடுதாசி வருமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போன வெள்ளிக்கிழமை பையனுக்கு வேற எடம் பேசி முடிச்சாச்சு. மச்சான்கிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வராது."

9

திரும்பும் படகில் ஏறாமல் கரையிலேயே நின்று மைதீன் பாயை அழைத்தேன். தள்ளிப்போட்டால் இன்னும் ஒரு வருடம் ஆகிவிடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். பையனுக்கு வேறு இடம் முடிந்துவிட்டது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அந்தப் பக்கம் கடையில் யாரோ பேனா ரீஃபில் கேட்டார்கள். "பொறு தம்பி" என்று அவர் சொன்னது கேட்டது.

"நீங்க அன்னைக்கு அந்தத் தாளை வாசிச்சீங்கதானே பாய்?"

"வாசிச்சேன் மேடம்." குரல் தணிந்திருந்தது. "அவுக முகத்தைப் பாத்துக் கேக்கத் தைரியம் வரல. விசா குடுத்தாக, சோறு போட்டாக. என்னன்னு கேப்பேன்? நான் கேக்க வேண்டியதைத் தாளு கேக்கட்டும்னுதான் போட்டேன். அது தபால்ல வந்து, அதையும் நானே வாசிக்க வேண்டியிருக்கும்னு தோணல."

"அவர் கோபமா இல்லை பாய். வருத்தமாத்தான் இருக்கார்."

"தெரியும் மேடம்."

இன்னும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"மேடம், கடையில என் எடத்துக்கு ஆள் போட்டிருக்காகளா?"

"ஒரு பையன் இருந்தான். மலையாளிப் பையன் போல."

"அரபி வாசிக்கத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியலையே பாய்."

"கடை லைசன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி இந்த மாசம் கடுதாசி வரும்" என்றார். "மச்சான் யாருகிட்டக் குடுத்து வாசிப்பாகளோ."